கைக்கும் கண்ணுக்கும் நடுவே சில மில்லிசெகண்ட்

கவுன்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் ஒரு சுவரோரம் காத்து நிற்பவருக்கும் அந்தச் சுவரைச் சுற்றி வருபவருக்கும் இடையே நடப்பது பெரும்பாலும் அரை நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த அரை நொடிக்குள் நடப்பவை பல. கை அசைகிறது. மவுஸின் அடியில் இருக்கும் சென்சார் அந்த அசைவை எண்ணாக்குகிறது. எண் யுஎஸ்பி வழியே கம்ப்யூட்டருக்குப் போகிறது. விளையாட்டு அதை வாங்கிக்கொண்டு பார்வையைத் திருப்புகிறது, கிராபிக்ஸ் கார்டு புதிய காட்சியைத் தீட்டுகிறது, மானிட்டர் அதை மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதுகிறது. ஒவ்வொரு பிக்சலும் பழைய நிறத்தை விட்டுப் புதிய நிறத்துக்கு மாற வேண்டும். பிறகுதான் ஒளி கண்ணுக்கு வந்து, மூளைக்குப் போய், கைக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் கரைந்தது என்பது ஆடுகிறவருக்கு ஒருபோதும் தெரிவதில்லை. குறி எதிரியின் தலைமேல் இருந்தது போலிருந்தது, சுட்டபோது படவில்லை; தெரிவது இவ்வளவுதான். பிழை கையினுடையதா, கருவியினுடையதா என்ற ஐயம் அங்கே பிறக்கிறது. மானிட்டர் வாங்குவதும் மவுஸ் அமைப்புகளைத் திருத்துவதும் இந்த ஐயத்துக்குத் தேடும் விடைகளே. அவற்றில் சில விடைகள் உண்மையானவை, அளந்து காட்டக்கூடியவை. சில, ஐயத்தை இன்னும் ஆழமாக்கிவிட்டுப் போகின்றன. இரண்டையும் பிரித்தறிவது பார்க்கும் அளவுக்கு எளிதில்லை.

மானிட்டரின் கதை ஒரு பின்னடைவில் தொடங்குகிறது. 1999இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மேல் கட்டிய மாற்றமாக கவுன்டர்-ஸ்ட்ரைக் வந்தபோது எல்லோர் மேசையிலும் கண்ணாடிக் குழாய் மானிட்டர் இருந்தது. கனமானது, சூடாவது, மேசையின் பாதியை அடைத்துக்கொள்வது. ஆனால் அதன் ஒளிப்புள்ளி எலெக்ட்ரான் கற்றை பட்ட கணத்தில் பளிச்சிட்டு, ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்டிலேயே மங்கிவிடும். அதனால் ஓடுகிற உருவம் ஓடும்போதும் கூர்மையாகத் தெரிந்தது. போட்டிக்காரர்கள் அதை 100 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் ஓட்டினார்கள். பிறகு தட்டையான எல்சிடி வந்தது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அது பெரிய வசதி. விளையாட்டுக்கு மட்டும் இழப்பு. 60 ஹெர்ட்ஸில் நின்றது, நிறம் மாறத் தாமதித்தது, நகரும் உருவங்களுக்குப் பின்னால் ஒரு நிழல்வால் இழுபட்டது. பழைய குழாயைத் தூக்கிப் போட மனமில்லாமல் போட்டிக்காரர்கள் வெகுகாலம் வைத்திருந்தது பழமைப்பற்றினால் அல்ல. கண்ணுக்குத் தெரிந்த வேறுபாட்டைக் கண் சொன்னபடி நம்பினார்கள், அவ்வளவே. 120 ஹெர்ட்ஸ் எல்சிடிகளும் 2012 வாக்கில் 144 ஹெர்ட்ஸ் எல்சிடிகளும் வந்த பிறகே அவர்கள் மாறினார்கள். இன்று 540 ஹெர்ட்ஸ் என்று விற்பனைக்கு வருவதில் கணிசமான பகுதி, இருபது ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட ஒன்றை மீட்கும் முயற்சி. முன்னேற்றம் என்ற ஒற்றைச் சொல் இந்த வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஹெர்ட்ஸ் கணக்கு எளியது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதிய படத்தைக் காட்டும். 144 என்றால் 6.9. 240 என்றால் 4.2. 360 என்றால் 2.8. 540 என்றால் 1.9. எண் ஏற ஏற, கிடைக்கும் லாபம் சுருங்கிக்கொண்டே போகிறது: 60இலிருந்து 144க்குத் தாவினால் ஒவ்வொரு படத்துக்கும் ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட் மிச்சம், 240இலிருந்து 540க்குப் போனால் இரண்டே கால். விலையோ எதிர்த்திசையில் ஏறுகிறது. இதைச் சொன்னதும் வழக்கமான ஒரு மறுப்பு எழும். மனிதர் கண்ணால் கண்டு விரலை அழுத்தவே 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது, அங்கே இரண்டு மில்லிசெகண்டுக்கு என்ன மதிப்பு? மறுப்பு நியாயமாகத் தோன்றினாலும் அதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் அதே 200 உண்டு. அது இருபக்கமும் கழிந்துவிட்டால் மிஞ்சும் சிறு வேறுபாடுதான் யார் முந்தினார் என்பதைத் தீர்மானிக்கிறது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. குறிபார்ப்பது ஒரே ஒரு எதிர்வினை அல்ல. கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே கண் அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டே வருகிறது. அந்தத் திருத்தம் எவ்வளவு புதிய படத்தை நம்பி நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கையின் நிதானம் அமைகிறது. 60 ஹெர்ட்ஸில் வெகுநாள் ஆடியவர் 144இல் உட்கார்ந்ததும் கை இலேசாகிவிட்டது போல உணர்வார். அந்த உணர்வு பொய்யில்லை. 240க்கு மேல் அதே உணர்வு எல்லோருக்கும் வருமா என்பதில் உறுதி குறைகிறது. நொடிக்கு 500 முறை துடிக்கும் ஒளியில்கூடக் கண் சில தடயங்களைக் காண்கிறது என்று 2015இல் சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கண்ணின் எல்லை நாம் எண்ணியதைவிடத் தொலைவில் இருக்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் கண் காண்பதெல்லாம் கைக்குப் பயன்படுகிறது என்பதற்கு அது சான்றாகாது.

ஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்குப் பின்னால் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எல்சிடி ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை அசையாமல் பிடித்து வைத்திருக்கும். கண்ணோ நகரும் உருவத்தைப் பின்தொடர்ந்து வழுவழுவென்று ஓடுகிறது. நிற்கும் படத்தின் மேல் ஓடும் கண் அந்தப் படத்தை விழித்திரையில் தேய்த்துவிடுகிறது. பிக்சல் எவ்வளவு வேகமாக நிறம் மாறினாலும் இந்த மங்கல் போகாது. நொடிக்கு 1000 பிக்சல் வேகத்தில் ஓடும் உருவம் 60 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 17 பிக்சல் அகலத்துக்கு மங்கும், 240இல் 4, 540இல் 2. ஆகவே உயர்ந்த ஹெர்ட்ஸின் பெரிய கொடை தாமதம் குறைவது என்பதைவிட, நகரும்போதும் தலை தலையாகவே தெரிவது என்று சொல்வது பொருத்தம். இதே பயனை வேறு வழியில் அடைய, படங்களுக்கு நடுவே பின்னொளியை அணைத்து அணைத்து ஏற்றும் உத்தி உண்டு. பென்க்யூவின் ஸோவி மானிட்டர்களில் அதன் பெயர் டையாக், என்விடியாவில் யுஎல்எம்பி. பழைய கண்ணாடிக் குழாயின் துடிப்பை வேண்டுமென்றே போலி செய்வது இது. திரையின் வெளிச்சம் குறையும். சிலருக்குக் கண் வலிக்கும். ஆனால் துப்பாக்கி உதறும்போது, அதாவது ஸ்ப்ரே அடிக்கும்போது, எதிரியின் உருவம் கலையாமல் நிற்பதை இந்த உத்தி நன்றாகவே காப்பாற்றுகிறது. பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் ஒரு மில்லிசெகண்ட் என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பிக்சல் நிறம் மாறும் நேரத்தைச் சில நிறுவனங்கள் சொல்கின்றன, பின்னொளி எரிந்திருக்கும் நேரத்தைச் சில சொல்கின்றன, இரண்டும் வேறு. நிறம் மாறுவதை விரைவுபடுத்த ஓவர்டிரைவ் என்று மின்னழுத்தத்தைக் கூட்டும் அமைப்பை உச்சத்தில் வைத்தால் பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்; உருவத்துக்குப் பின்னால் கருநிழலுக்குப் பதில் வெளிர்நிழல் தோன்றும். நடுநிலையில் வைப்பதே பெரும்பாலும் நல்லது. திரைவகைகளில் விஏ இருண்ட நிறங்களில் இழுபடும்; டிஎன் வேகமானது, ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் வெளுக்கும்; ஐபிஎஸ் இப்போது வேகத்தில் ஏறத்தாழ அதை எட்டிவிட்டது; ஓஎல்இடி நிறம் மாறும் வேகத்தில் மற்ற எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. 2024இல் 480 ஹெர்ட்ஸ் ஓஎல்இடிகளும் வந்துவிட்டன. ஒரே வரைபடத்தையும் ஒரே புள்ளிக்கணக்கையும் நாளெல்லாம் திரையின் ஒரே இடத்தில் காட்டுகிற இந்த விளையாட்டில், அந்தத் தடம் ஓஎல்இடியில் நிரந்தரமாகப் பதிந்துவிடக்கூடும் என்பதை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்.

திரையின் அளவில் போட்டிக்காரர்களிடம் வியக்கத்தக்க ஒற்றுமை இருக்கிறது: 24 அல்லது 24.5 அங்குலம், 1920க்கு 1080. தலையை அசைக்காமல் கண் முழுத்திரையையும் அள்ளிக்கொள்ள வேண்டும் என்பதுதான் காரணம். மேலும் நொடிக்கு 500 படம் காட்டும் மானிட்டருக்கு நொடிக்கு 500 படம் தீட்டித் தர வேண்டும். பெரிய திரையின் கூடுதல் பிக்சல்கள் அந்த வேகத்தைத் தின்றுவிடும். பல கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டக்காரர்கள் இதற்கும் ஒரு படி கீழிறங்கி, 1280க்கு 960 என்ற பழைய 4:3 வடிவத்தை அகலத்திரையில் இழுத்து விரித்து ஆடுகிறார்கள். பார்வையின் அகலம் 106 டிகிரியிலிருந்து 90க்குச் சுருங்குகிறது. பக்கவாட்டில் வரும் எதிரி தெரியாமல் போகலாம். பதிலுக்கு, தெரியும் எதிரி மூன்றில் ஒரு பங்கு பருத்துத் தெரிகிறார். ஆனால் திரையைக் குறுக்கே கடக்கும் வேகமும் அதே பங்கு கூடுகிறது. இங்கே நின்று யோசிக்க வேண்டியது ஒன்றுண்டு. எதிரியைக் குறிவைக்கக் கை நகர வேண்டிய தொலைவு, இழுத்து விரித்தாலும் விரிக்காவிட்டாலும், ஒரே அளவுதான். மவுஸ் திருப்புவது கோணத்தை. திரையின் நீட்சி கோணத்தைத் தொடுவதில்லை. ஆக, கைக்கு எந்தச் சலுகையும் இல்லை. கண்ணுக்குத் தலை பெரிதாகத் தெரிகிறது, மனத்துக்குத் துணிவு வருகிறது. அந்தத் துணிவு ஆட்டத்தில் மெய்யான பயன் தரக்கூடும் என்பதை மறுக்க முடியாது. அது கண்ணின் மயக்கத்தில் பிறந்தது என்பதையும் மறுக்க முடியாது. இருண்ட இடங்களை வெளுக்கவைக்கும் அமைப்பு இதைவிடச் சங்கடமானது. பென்க்யூ அதை பிளாக் ஈக்வலைசர் என்கிறது. விளையாட்டை வடிவமைத்தவர்கள் ஒரு மூலையை இருட்டாக வைத்தது காரணத்தோடுதான். அந்த இருட்டை மானிட்டரே நீக்கித் தரும்போது, இருட்டில் நின்றவருக்கு எதிராக விலை கொடுத்து ஓர் ஆதாயம் வாங்கப்படுகிறது. போட்டி அமைப்பாளர்கள் மேடையில் எல்லோருக்கும் ஒரே மானிட்டரைத் தருவதால் அங்கே இது சமன்படுகிறது. வீட்டிலும் நெட் கஃபேயிலும் சமன்படுவதில்லை.

மவுஸ் பக்கம் வந்தால் எண்கள் இன்னும் பிடிவாதமானவை. 1999இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் உருளும் பந்தை எடுத்துவிட்டு, அடியில் சிவப்பு விளக்கும் சிறு கேமராவும் வைத்தது. மேசைப்பரப்பை நொடிக்கு 1500 முறை படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று அது கணக்கிட்டது. இன்றைய சென்சார்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன, பலமடங்கு விரைவாக. அந்த வரிசையில் வந்த எக்ஸ்ப்ளோரர் 3.0 அங்குலத்துக்கு 400 எண்ணிக்கை தந்தது; அதாவது 400 டிபிஐ. கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் முதல் தலைமுறை அந்த 400இல் கை பழகியது. சென்சார்கள் 20,000 டிபிஐயைத் தாண்டிய பின்னும் பல முன்னணி ஆட்டக்காரர்கள் 400இலும் 800இலும் நிற்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. இதில் தொழில்நுட்பக் காரணம் ஏதும் இல்லை. பார்க்கப்போனால் காரணம் எதிர்ப்பக்கம் சாய்கிறது: கை நொடிக்கு ஓர் அங்குலம் மெல்ல நகரும்போது 400 டிபிஐ மவுஸ் 2.5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் நகர்ந்த செய்தியைச் சொல்லும். 1600 டிபிஐ மவுஸ் 0.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சொல்லும். டிபிஐயை ஏற்றி, மவுஸின் அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று விளையாட்டுக்குள் வைக்கும் சென்ஸை (சென்சிட்டிவிட்டி) அதே விகிதத்தில் இறக்கிக்கொண்டால், கை நகரும் தொலைவு மாறாமல் செய்தி மட்டும் முந்தி வரும். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து மானிட்டரில் இரண்டு மில்லிசெகண்ட் வாங்குகிறவர், செலவே இல்லாத இந்த இரண்டு மில்லிசெகண்டை விட்டுவிடுகிறார். பழக்கத்தின் பிடி அவ்வளவு வலியது.

டிபிஐயும் சென்ஸும் தனித்தனியே எதையும் சொல்வதில்லை. இரண்டையும் பெருக்கினால்தான் பொருள் வரும். அதையும்விடத் தெளிவான அளவு, ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் எத்தனை சென்டிமீட்டர் நகர வேண்டும் என்பது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சென்ஸ் 1 என்றால் மவுஸின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்பும். 400 டிபிஐ, சென்ஸ் 2 என்று வைத்தால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 52 சென்டிமீட்டர் ஆகும். பிரான்சின் ஸைவூ நெடுங்காலம் ஆடிவந்த அளவு அது. உக்ரைனின் சிம்பிளுக்கு 400 டிபிஐ, சென்ஸ் 3.09, சுற்றுக்கு 34 சென்டிமீட்டர் போதும். உலகின் தலைசிறந்தவர் யார் என்று இந்த இருவரின் பெயரையும் வைத்துப் பல ஆண்டுகள் வாதம் நடந்திருக்கிறது. ஒருவர் கை நகரும் தொலைவு மற்றவருடையதைப்போல ஒன்றரை மடங்கு. சரியான சென்ஸ் என்று ஒன்று இருக்குமானால் இது நடந்திருக்க முடியாது. அதே நேரத்தில் முன்னணியினரின் அளவுகள் எங்கும் சிதறிக் கிடக்கவுமில்லை. பெரும்பாலானவை 30க்கும் 70க்கும் இடையே வந்து விழுகின்றன. அலுவலக வேலைக்குப் பழகியவர் ஆடத் தொடங்கும்போது 10 சென்டிமீட்டரில் முழுச் சுற்று வருவது இயல்பு. அந்த நிலையில் மணிக்கட்டின் சிறு நடுக்கம்கூடக் குறியை எதிரியின் தலையிலிருந்து சுவருக்குத் தள்ளிவிடும். ஒரு பரப்புக்குள் எந்த இடமும் சரி, பரப்புக்கு வெளியே தவறு; இதற்குமேல் துல்லியமாக எதையும் சொல்ல முடியாது.

அந்தப் பரப்பு ஏன் அங்கே விழுகிறது என்பதற்குக் கணினிக்கு முந்திய காலத்திலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. 1899இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் வுட்வொர்த் தாளில் கோடு இழுக்கச் சொல்லிக் கையசைவை ஆராய்ந்தார். குறிநோக்கிய ஓர் அசைவில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கண்டார்: முதலில் கண்ணின் துணையில்லாமல் இலக்கை நோக்கிப் பாயும் ஒரு வீச்சு, பிறகு கண் பார்த்துத் திருத்தும் நுண்ணசைவு. ஆட்டக்காரர்கள் ஃப்ளிக் என்பது முதலாவதை. குறி தலைக்குப் பக்கத்தில் போய் நின்றபின் அதை இழுத்து வைப்பது இரண்டாவது. 1954இல் பால் ஃபிட்ஸ், இலக்கு தொலைவாகவோ சிறிதாகவோ ஆகும்போது அசைவுக்கு ஆகும் நேரம் எந்த விகிதத்தில் கூடுகிறது என்பதைச் சூத்திரமாகவே எழுதிவிட்டார். சென்ஸைக் கூட்டினால் வீச்சு சுருக்கமாகும், திருத்தம் கடினமாகும். குறைத்தால் திருத்தம் எளிது, வீச்சுக்கு முழங்கையும் தோளும் வர வேண்டும். பின்னாலிருந்து சுடுபவரை நோக்கித் திரும்பும்போது மவுஸ் மேசையின் விளிம்பில் முட்டி நிற்கும். ஆக, மணிக்கட்டுக்கு நுண்ணசைவையும் முழங்கைக்கு வீச்சையும் பங்கிட்டுக் கொடுக்கும் அளவாகச் சென்ஸ் அமைய வேண்டும். அந்தப் பங்கீடு ஒவ்வொருவருடைய எலும்பின் நீளத்துக்கும் நாற்காலியின் உயரத்துக்கும் மவுஸைப் பிடிக்கும் விதத்துக்கும் ஏற்ப மாறும். உள்ளங்கை முழுவதும் மவுஸ்மேல் படியும்படி பிடிப்பவரும், விரல்நுனியால் மட்டும் பிடிப்பவரும் ஒரே எண்ணில் ஒரே பலனைப் பெறப்போவதில்லை. பிறர் எண்ணை எடுத்து வைத்துக்கொள்வதில் உள்ள குறை இதுதான். எண் வந்துவிடுகிறது, எண்ணுக்குப் பின்னாலிருந்த தோளும் மேசையும் வருவதில்லை.

மற்ற அமைப்புகளை விரைவாகவே சொல்லிவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து மவுஸ் அமைப்பில் சுட்டியின் துல்லியத்தை மேம்படுத்துவதாக ஒரு தேர்வு இருக்கிறது. கை வேகமாக நகர்ந்தால் சுட்டி கூடுதலாக ஓடும். அலுவலக வேலைக்கு உதவும். குறிபார்க்கும் கைக்கு அது ஆகாது. ஒரே தொலைவுக்கு ஒருநாள் ஒரு கோணமும் மறுநாள் வேறு கோணமும் கிடைக்கும். அணைத்துவிட வேண்டும். குவேக் ஆட்டக்காரர்கள் சிலர் இத்தகைய முடுக்கத்தைத் தாங்களே அளந்து அமைத்துப் பழகி, அதில் வல்லவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். அது தெரிந்து செய்த தேர்வு, விண்டோஸ் தானாகத் தருவது அப்படியில்லை. மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டரிடம் பேசுகிறது என்பது போலிங் ரேட். பழைய வழக்கமான 125 என்றால் 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. 1000 என்றால் ஒரு மில்லிசெகண்ட். 8000 வரை தரும் மவுஸ்கள் இப்போது உண்டு, ஆனால் அந்தப் பேச்சைக் கேட்பதற்கே பிராசஸர் உழைக்க வேண்டியிருப்பதால், சுமாரான கம்ப்யூட்டரில் படங்களின் வேகம் குறைந்து, வாங்கிய லாபத்தைவிட இழப்பு மிகும். 1000 போதும். ஒயர் இல்லாத மவுஸ் தாமதமாகும் என்ற பழைய அச்சத்துக்கு இப்போது இடமில்லை; லாஜிடெக்கின் ஜி ப்ரோ ஒயர்லெஸ் 2018இல் வந்தபின் போட்டி மேடைகளிலேயே ஒயர் அரிதாகிவிட்டது. எடையும் 100 கிராம் பக்கத்திலிருந்து 60 கிராமாக இறங்கியிருக்கிறது. இந்தப் பட்டியலில் எப்போதும் குறைத்து மதிப்பிடப்படுவது மவுஸ்பேட். 52 சென்டிமீட்டர் சென்ஸ் வைத்துக்கொண்டு உள்ளங்கையகலப் பேடில் ஆடுவதில் அர்த்தமில்லை. 40 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் வேண்டும். துணிப்பேட் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் அது கையோடு ஒட்டி இழுக்கும், வெயிலில் வழுக்கும். நேற்றுவரை நின்ற இடத்தில் குறி இன்று நிற்காமல் போனதற்கு, சென்ஸைக் குறை சொல்வதற்கு முன் பேடைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

இவ்வளவையும் முறையாக அமைத்துவிட்ட பிறகும் ஐயம் தீர்வதில்லை. இந்தப் பொருளில் உள்ளபடியே கனமான பகுதி அதுதான். ஒருவர் 2.0 சென்ஸில் ஆடுகிறார். ஒரு மாலை எல்லாம் தவறுகிறது. 1.8க்கு மாற்றுகிறார். அடுத்த ஆட்டம் நன்றாகப் போகிறது. 1.8 பொருந்திவிட்டது என்று நம்புகிறார். மூன்று நாள் கழித்து மறுபடி தவறுகிறது, 2.1 என்று வைத்துப் பார்க்கிறார். மாற்றிய அன்று கொஞ்சம் தேறுவதற்கு, 1.8 மெய்யாகவே பொருந்தியது காரணமாக இருக்கலாம். மாற்றியதாலேயே கவனம் கூர்மையானதும் காரணமாக இருக்கலாம். மிக மோசமான நாளுக்குப் பின்வரும் நாள் எப்படியும் சற்று நன்றாகவே இருக்கும் என்பதும் காரணமாகலாம். இந்த மூன்றில் எது நடந்தது என்று ஒற்றை ஆட்டத்தையோ ஒற்றை மாலையையோ வைத்துப் பிரிக்கவே முடியாது. தூக்கம், விரல்களின் குளிர்ச்சி, எதிரணியின் திறமை, சர்வரின் தொலைவு என்று சென்ஸைவிடப் பெரிதாக அலைபாயும் பல காரணங்கள் அதே மாலையில் இருந்திருக்கும். மேடையேறும் ஆட்டக்காரர்கள் உள்ளங்கையில் சூடேற்றும் பொதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், விரலின் சூடு அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். கை எதற்கும் பழகும் என்பது இன்னொரு பக்கம். 1897இல் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் உலகைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடியை எட்டு நாள் அணிந்திருந்து, தலைகீழான உலகிலும் தடுமாறாமல் கைநீட்டப் பழகிக்கொண்டதை எழுதிவைத்தார். உலகமே கவிழ்ந்தபோது பழகிய கைக்கு, சென்ஸ் 2.0க்கும் 1.8க்கும் உள்ள வேறுபாடு ஒரு தடையே இல்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. பழகுவதற்கு, பழகும் காலம்வரை அந்த ஒன்று மாறாமல் இருக்க வேண்டும். வாரம் ஒரு சென்ஸ் வைப்பவர் எட்டாவது நாளை ஒருமுறையும் எட்டுவதில்லை. நல்ல அமைப்பைத் தேடும் ஆர்வம், எந்த அமைப்பையும் நல்லதாக்கக்கூடிய ஒரே வழியைத் தொடர்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. மானிட்டரையும் மவுஸையும் பற்றிய பேச்சில் மனத்தை உறுத்துவது இதுதான். தாமதத்தைக் குறைப்பது கருவியின் வேலை. அதில் ஒவ்வொரு மில்லிசெகண்டும் அளந்து சொல்லக்கூடிய உண்மை. சென்ஸ் அப்படி அளந்து தீர்வதில்லை. அது கையும் கண்ணும் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு. கடையில் கிடைக்கிற ஒன்றுக்கும் கிடைக்காத ஒன்றுக்கும் ஒரே பக்கத்தில் எண்கள் போடப்படுவதால், இரண்டையும் ஒரே மாதிரி தேடலாம் என்ற மயக்கம் வந்துவிடுகிறது.

வரிசைப்படுத்தச் சொன்னால் முதலில் வர வேண்டியது மானிட்டரும் அல்ல, மவுஸும் அல்ல, இணையத் தொலைவு. கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு வால்வ் நிறுவனத்தின் சர்வர்கள் சென்னையிலும் மும்பையிலும் உண்டு. சென்னையில் இருப்பவர் சென்னை சர்வரில் சில மில்லிசெகண்ட் தாமதத்திலேயே ஆடிவிடலாம். அதே ஆள் சிங்கப்பூர் சர்வருக்குள் தள்ளப்பட்டால், எந்த மானிட்டரும் திருப்பித் தர முடியாத அளவு பல பத்து மில்லிசெகண்டுகளை இழப்பார். 2023இல் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, கிளிக் செய்த சரியான கணத்தைக் குறித்து அனுப்புகிறது; அதனாலும் தொலைவு குறைவதில்லை. வைஃபையை விட்டு ஒயர் இணைப்புக்கு மாறுவது பெரும்பாலோருக்கு முதல் லாபம். இரண்டாவது, இப்போது 60 ஹெர்ட்ஸில் இருப்பவர் 144க்கோ 180க்கோ போவது. இந்தப் பொருளில் கொடுத்த காசுக்குத் தெளிவான பலன் தரும் ஒரே செலவு இது. 240க்கு மேல் போவது, கம்ப்யூட்டர் நொடிக்கு அத்தனை படம் தரவல்லதாகவும், ஆடுபவர் போட்டியை வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டவராகவும் இருந்தால் மட்டும். படங்களும் திரையும் ஒத்துப்போக உதவும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் போன்றவற்றைப் போட்டிக்காரர்கள் பெரும்பாலும் அணைத்தே வைக்கிறார்கள். திரையில் கிழிசல் தெரிந்தாலும் பரவாயில்லை, படம் முந்தி வரட்டும் என்பது அவர்கள் கணக்கு. மூன்றாவது, கையகலம் தாண்டிய ஒரு பேடும், கைக்கு அடங்கும், எடை குறைந்த ஒரு மவுஸும். பிறகு 800 அல்லது 1600 டிபிஐ, 1000 போலிங், விண்டோஸின் முடுக்கம் அணைப்பு, ஒரு முழுச் சுற்றுக்கு 40 முதல் 50 சென்டிமீட்டர் வரும்படி ஒரு சென்ஸ். அதை எழுதி வைத்துவிட்டு, குறைந்தது மூன்று மாதம் தொடாதிருக்க வேண்டும். புதிய மானிட்டரை இணைத்ததும் விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்து ஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். 240 ஹெர்ட்ஸ் வாங்கியவர்களின் திரைகூட, யாரும் மாற்றாதவரை, 60இலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.